முப்பத்தொரு பேர் வந்து போன பண்ணை

2021 பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை ஆறரை மணிக்கு, மூன்றாம் கொட்டகையில் தீவனம் போடும் பையன் வந்து, "அண்ணா, நேற்றுப் போட்டதே இன்னும் கிடக்கிறது" என்றான். ஒடிசாவிலிருந்து வந்து ஐந்து வருடமாக எங்களிடம் இருப்பவன். அவன் சொன்னதைக் காதில் வாங்கி, அப்படியே விட்டுவிட்டேன். பனிக்காலம், கோழி கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிர் நாளில் கோழி வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் தின்னும். இருபது வருடம் கோழி வளர்த்தவனுக்கு இது தெரியாததா? தெரியும். அந்த வாரம் தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி முதல் வாரத்தில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கூட்டமாகச் செத்து, அது எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் என்று போபால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் உறுதி செய்திருந்தது. கேரள அரசு மாநிலப் பேரிடர் என்றே அறிவித்துவிட்டது. எல்லைச் சோதனைச்சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பண்ணை நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் இடையே இருக்கிறது. நான்கு கொட்டகை, 38,000 முட்டைக்கோழி. எங்கள் பக்கத்து முட்டைக்குக் கேரளம்தான் பெரிய சந்தை. முட்டை அங்கே போகிறது. லாரியும் முட்டை அடுக்கும் அட்டையும் அங்கிருந்து திரும்பி வருகின்றன. இந்த இரண்டாவது பாதியை அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் பயத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் பண்ணைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். எங்கள் ஊரில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனால் முட்டை வாங்க ஆள் இல்லை. முட்டை அறையில் அட்டைகள் உத்தரம் வரை ஏறி நின்றதும், அப்பா ஒரு ஏக்கர் நிலத்தை விற்றுத் தீவனக் கடனைக் கட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள்.

மூன்றாம் கொட்டகையில் 9,500 கோழி. நாளொன்றுக்கு இரண்டு மூன்று சாவது சாதாரணம். பையன் தீவனத்தைப் பற்றிச் சொன்ன அன்று ஏழு செத்தன. மறுநாள் 19. போகிப் பண்டிகை அன்று காலை 44.

அன்றுதான் உள்ளே போய் முழுதாக நடந்து பார்த்தேன். முட்டைக்கோழிக் கொட்டகைக்குள் காலையில் நுழைந்தால் கத்தல் காதை அடைக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அன்று கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கூண்டுக்கு நான்கு கோழி என்றால், இரண்டு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகு சிலிர்த்து, கண்ணை மூடி நின்றன. ஒன்றைக் காலைப் பிடித்து வெளியே எடுத்தேன். எதிர்க்கவில்லை. கொண்டையின் நுனி நாவற்பழத் தோல்போல் கறுத்திருந்தது. வாயிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது. கீழே எச்சம் பச்சையாக இருந்தது. முட்டைத் தொட்டியில் ஓடில்லாத தோல் முட்டைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்ததும் கையிலேயே உடைந்து வழிந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நான்காம் கொட்டகைக்குள் போனேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நோயை ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோக அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அதன் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, கோழி வியாபாரி ஒருவருக்குப் போன் செய்தேன். முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை எங்களிடம் வழக்கமாக எடுப்பவர். "மூன்றாம் கொட்டகையை முன்கூட்டியே காலி செய்யலாம் என்று பார்க்கிறேன்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "இன்று இரவே வண்டி அனுப்புகிறேன், விலையை நேரில் பேசிக்கொள்ளலாம்" என்றார். கேட்காததிலிருந்தே தெரிந்தது, இப்படிப்பட்ட போன் அவருக்குப் புதிதல்ல என்று.

அந்த இரவு வண்டி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்பதாயிரம் கோழி நான்கு ஊர்க் கறிக்கடைகளுக்குப் போயிருக்கும். கூண்டுகள் கழுவப்படாமல் மறுநாள் வேறொரு பண்ணை வாசலில் நின்றிருக்கும். சாலை நெடுக இறகும் எச்சமும் பறந்திருக்கும். பறவைக் காய்ச்சல் வானத்திலிருந்து வருகிறது, சைபீரியாவிலிருந்து வரும் கொக்கும் வாத்தும் கொண்டுவருகின்றன என்று நாங்கள் மேடையில் பேசுவோம். உண்மைதான், காட்டு நீர்ப்பறவைகள் அந்தக் கிருமியைச் சுமக்கின்றன. அவற்றில் பல நோய்க்குறியே காட்டாமல் பறக்கின்றன. ஆனால் ஒரு வட்டாரத்துக்குள் வந்த பிறகு பண்ணைக்குப் பண்ணை அதை எடுத்துச் செல்வது பெரும்பாலும் சக்கரமும் செருப்பும் அட்டையும்தான். அவற்றோடு, வேப்பமரத்தடியில் நின்று போன் செய்யும் என்னைப்போன்ற ஆளும்.

வண்டியை நிறுத்தியது என் நல்ல புத்தி அல்ல. மாமாவோடு வந்த சண்டை.

அம்மாவின் தம்பி, அவர் பண்ணை எங்களுடையதிலிருந்து 400 மீட்டர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "எத்தனை?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை, டாக்டரிடம் மட்டும் போய்விடாதே. அதுதான் என்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி எல்லாம் போகும். என்னுடையதும் போகும்."

அவர் சொன்னது தவறல்ல. நோய் உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை பாதிக்கப்பட்ட பகுதி. அதற்குள் இருக்கும் கோழிகளை அழிப்பார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. எங்கள் ஊரில் ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் எத்தனை கொட்டகை என்று மனதுக்குள் எண்ணினேன், 23 வந்தது. அத்தனை குடும்பத்துக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? "அப்படியானால் இரவோடு இரவாக விற்றுவிடவா?" என்று கேட்டேன். "விற்றுவிடு" என்றார். பிறகு அவரே, "எந்த வண்டி வருகிறது?" என்றார். வியாபாரியின் பெயரைச் சொன்னேன். மாமாவின் முகம் மாறியது. அடுத்த புதன்கிழமை அவருடைய இரண்டாம் கொட்டகையை எடுக்க வருவதும் அதே வண்டி.

"அந்த வண்டியா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். பிறகு நான் டாக்டருக்குப் போன் செய்தேன். மாமா வியாபாரிக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றார்.

கால்நடை மருத்துவர் போனிலேயே சொன்னவை இவை. யாரும் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது. முட்டை, எரு, தீவன மூட்டை எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. செத்த கோழியை அறுத்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அவர் இரண்டு முறை சொன்னார், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கோழி செத்தால் பிளேடை எடுத்து வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். முன் இரைப்பையில் ரத்தப்புள்ளி இருந்தால், கோழிக்கு வரும் இன்னொரு தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு செய்துவிடுவோம். அந்தப் புள்ளி பறவைக் காய்ச்சலிலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அறுப்பவர் மூக்கும் வாயும் அந்த ரத்தத்துக்கு அரை அடி தூரத்தில் இருக்கும். அதே ஆண்டு ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 கிருமியால் ஒரு சிறுவன் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மனித மரணம் அது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் இதுவரை அறுத்துப் பார்த்த கோழிகளை எண்ண முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

டாக்டர் முழுப் பாதுகாப்பு உடையுடன் வந்தார். கொரோனா காலம் என்பதால் அந்த வெள்ளை அங்கி ஊரில் யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. உயிரோடு இருந்த கோழிகளின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார். புதிதாகச் செத்த ஐந்து கோழிகளை இரண்டு உறை போட்டுக் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். பிறகு காத்திருந்தோம்.

அந்த நாட்களில் தீவனச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். நோய் உறுதியானால் அரசு இழப்பீடு தரும். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி. ஆனால் அது அரசு ஆட்கள் வந்து அழிக்கும் கோழிக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும்தான். அவர்கள் வருவதற்கு முன்பே செத்த கோழிக்குக் கிடையாது. அந்த நோய் புகுந்த கொட்டகையில் சில நாட்களில் பெரும்பாலான கோழி செத்துவிடும். ஆக, ஒளித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீட்டுக்குத் தகுதியான கோழியின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. நியாயம், சட்டம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தொற்றுநோய்ச் சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும், அதுவும் இருக்கட்டும். வெறும் ரூபாய்க் கணக்கிலும் முதல் நாளே சொல்பவன்தான் பிழைக்கிறான். இழப்பீடு சந்தை விலைக்கு வராது, புதுக் குஞ்சு விட்டு முட்டைக்குக் கொண்டுவரும் மாதங்களின் வருமான இழப்பை ஈடு செய்யாது என்பதும் உண்மை. எங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றி நான் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. வெள்ளைக்கழிச்சல்.

மாமா தேங்காய் உடைத்தார். அம்மா மாட்டுப்பொங்கலுக்கு விட்டுப்போன பொங்கலை இரண்டு நாள் கழித்து வைத்தார். எனக்கு மட்டும் நிம்மதி முழுதாக வரவில்லை. தடுப்பூசி போட்ட கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் எப்படி வந்தது? டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். மூன்றாம் கொட்டகைக்கு வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தின் தவணை டிசம்பரிலேயே வந்திருக்கிறது. நான் தள்ளிப் போட்டிருக்கிறேன். கடைசியில் ஜனவரி 6ஆம் தேதி குடிதண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறோம். "அன்றைக்குத் தொட்டியில் என்ன போட்டிருந்தீர்கள்?" என்றார். கேரளச் செய்தி வந்த பயத்தில் வழக்கத்தைவிட இரு மடங்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னது 5ஆம் தேதி. உயிருள்ள தடுப்பு மருந்தை ஒரு சொட்டு விடாமல் குளோரினில் கொன்று, வெறும் தண்ணீரை ஊட்டியிருக்கிறோம். பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து செய்த காரியம், வெள்ளைக்கழிச்சலுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்பே குளோரினை நிறுத்த வேண்டும், மருந்து கலக்கும் தண்ணீரில் பால் பவுடர் கலக்க வேண்டும் என்று எந்தக் கோழி டாக்டரும் சொல்வார். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு அவர் சொன்னது மனதில் தைத்தது. "இந்தக் கிருமி நடந்து வரவில்லை. யாரோ எதிலோ கொண்டுவந்தார்கள். இன்று வந்தது இது. அதே வழியில் நாளைக்கு அது வரும்." கடைசிப் பதினான்கு நாட்களில் பண்ணைக்குள் வந்து போனவர்களை எழுதச் சொன்னார். உள்ளே புகுந்த நோய் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

இரவு உட்கார்ந்து எழுதினேன். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். பட்டியல் 31இல் நின்றது. முட்டை லாரி ஆறு முறை, ஓட்டுநரும் உதவியாளரும் இறங்கி முட்டை அறைக்குள் வந்திருக்கிறார்கள். தீவனத்துக்கு மக்காச்சோளம் கொண்டுவந்த லாரி. எரு அள்ள வந்த டிராக்டர், அதற்கு முந்தின நாள் வேறு இரண்டு பண்ணையில் அள்ளியது. முதல் கொட்டகை வளர்கோழிகளுக்கு அலகு வெட்ட வந்த குழு. ஐந்து பேர், ஒரே இயந்திரம், ஊர் ஊராகப் போகிறவர்கள். மின்சார வேலைக்கு வந்தவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி இரண்டு பேர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த சித்தப்பா, கொட்டகை பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்த அவருடைய பேரன். மாமா மூன்று முறை. யார் மேல் குற்றம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் வந்திருக்கிறார்கள், ஒருவர்கூடச் செருப்பு மாற்றவில்லை.

வாசலில் கிருமிநாசினித் தொட்டி இல்லாமல் இல்லை. சாக்கைப் போட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றிய தட்டு எல்லாக் கொட்டகை வாசலிலும் இருந்தது. காலையில் ஊதா நிறம். பத்து மணிக்கு டாக்டர் ஒரு குச்சியை விட்டுக் கலக்கிக் காட்டினார், டீத்தூள் நிறம். மண்ணும் எச்சமும் சேர்ந்துவிட்டால் மருந்து தன் சக்தியை அதிலேயே தொலைத்துவிடும். பிறகு அது சும்மா அழுக்குத் தண்ணீர். அதில் கால் நனைத்துப் போவது, நான் சுத்தமாக இருக்கிறேன் என்று எனக்கே நான் எழுதிக்கொடுக்கும் சான்றிதழ். முதலில் தூரிகையும் சோப்புத் தண்ணீரும், அதற்குப் பிறகுதான் மருந்து. இந்தக் கிருமிக்கும் கொரோனா கிருமிபோலவே மேலே கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பே அதை உடைத்துவிடும். அந்த வருடம் ஊர் முழுவதும் கை கழுவக் கற்றுக்கொண்டிருந்ததால், வேலையாட்களுக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது.

இப்போது ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. வெளிச் செருப்பு சுவருக்கு இந்தப் பக்கம். சுவர்மேல் உட்கார்ந்து, காலைத் திருப்பி, அந்தப் பக்கம் இருக்கும் ரப்பர் பூட்ஸுக்குள் விட வேண்டும். கொட்டகைக்கு ஒரு நிறம்: மூன்றாம் கொட்டகைக்குச் சிவப்பு. சிவப்பு பூட்ஸ் வேறெங்காவது நடந்தால் தூரத்திலிருந்தே தெரியும். செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து நான் ஒரு நாளைக்குத் தீவனத்துக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. இருபது வருடமாக நான் செய்த எந்தப் பெரிய முதலீட்டைவிடவும் இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். தட்டை மிதிக்காமல் தாண்டிப் போகலாம். சுவரைக் கவனிக்காமல் தாண்ட முடியாது.

முட்டை அறையையும் மாற்றினேன். முன்பு அது பண்ணையின் நடுவில் இருந்தது, லாரி உள்ளே வந்து திரும்பிப் போகும். இப்போது சுற்றுச்சுவரோடு ஒட்டி, இரண்டு கதவு வைத்து. உள் கதவு எங்களுக்கு, வெளிக் கதவு ஓட்டுநருக்கு. லாரி சாலையோரம் நிற்கிறது. சக்கரத்துக்குக் கட்டிய சிமெண்ட் பள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்; மழை பெய்தால் மருந்து நீர்த்துப் போகிறது, வண்டி ஐந்து நொடியில் கடந்துவிடுகிறது. வண்டியே உள்ளே வராமல் இருப்பதுதான் மருந்து.

அட்டை விஷயம் இன்னும் சிக்கலானது. முப்பது முட்டை அடங்கும் காகித அட்டை கேரளச் சந்தைக்குப் போய், உடைந்த முட்டையும் எச்சமும் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். விலை குறைவு என்று அதையே மறுபடி பயன்படுத்துவோம். எச்சத்தில் இருக்கும் கிருமி, குளிர்ந்த இடத்தில், நான்கு டிகிரியில், ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும்; 37 டிகிரி வெப்பத்திலும் ஆறு நாள் தாங்கும். கோட்டயத்திலிருந்து நாமக்கல்லுக்கு லாரி ஓர் இரவில் வந்துவிடுகிறது. காகிதத்தைக் கழுவ முடியாது. இப்போது காகித அட்டை எங்களிடமிருந்து போனால் போனதுதான், திரும்ப வாங்குவதில்லை. பிளாஸ்டிக் தட்டு மட்டும் திரும்பி வரும். வெளிக் கதவருகே உள்ள தொட்டியில் சோப்பு போட்டுத் தேய்த்து, பிறகு மருந்தில் முக்கி, வெயிலில் அடுக்கிய பிறகுதான் உள்ளே. அந்த வேலைக்கு ஒரு பெண் நியமிக்க வேண்டியிருந்தது. முட்டைக்கு சில பைசா அதில் போகிறது. விலை சரியும் மாதங்களில் அந்தச் சில பைசா என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

வாத்துகளைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சம்பா அறுவடை முடிந்ததும் மேய்ச்சல் வாத்துக் கூட்டம் எங்கள் பக்கத்து வயல்களில் இறங்கும். ராஜவாய்க்கால் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் நீந்தும். எங்கள் வேலையாட்கள் மாலையில் அதே வாய்க்காலில் குளித்து, அதே வரப்பில் நடந்து, அதே காலோடு பண்ணைக்கு வருவார்கள். வாத்துக்காரரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது அவருடைய பிழைப்பு. பண்ணைக்குள்ளேயே குளியலறை கட்டி, வெந்நீருக்கு அடுப்பும் வைத்துக் கொடுத்தேன். முதல் வாரம் யாரும் அங்கே குளிக்கவில்லை. வாய்க்காலில் குளிக்கும் சுகம் வேறுதானே! வெந்நீர் வந்த பிறகு மெல்ல வழிக்கு வந்தார்கள்.

மிகக் கடினமான காரியம் வீட்டில் நடந்தது. அம்மா பதினான்கு நாட்டுக்கோழி வளர்த்துவந்தார். பகலில் அவை கொட்டகைக்கு அடியில், எருக் குவியலில்தான் மேயும். டாக்டர் கை நீட்டிக் காட்டியது அவற்றைத்தான். தெருவில் மேய்ந்து, காக்கையோடு தின்று, கொட்டகைக்குள் வரும் கோழி. உயிருள்ள சாவி அது. "கண்ணு, உன் 38,000 கோழி எனக்கு ஒரு நாளாவது குழம்புக்கு ஆகியிருக்கிறதா?" என்றார் அம்மா. மூன்று நாள் பேசவில்லை. கடைசியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி. வேலையாட்கள் குடியிருப்பில் வளர்ந்த இரண்டு சேவலையும் அதற்குப் பிறகுதான் எடுக்கச் சொல்ல முடிந்தது.

இன்னொரு குழப்பமும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. பறவைக் காய்ச்சலுக்கு ஊசி வந்துவிட்டது, போட்டுவிட்டோம், பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் போட்டது எச்9என்2 என்ற வீரியம் குறைந்த வகைக்கான ஊசி. அது முட்டையைக் குறைக்கும் நோயைத் தடுக்க உதவும். கொட்டகையையே காலி செய்யும் எச்5 வகைக்கு அது கேடயம் அல்ல. எச்5 வகைக்குத் தடுப்பூசி போட நம் நாட்டில் அனுமதி இல்லை; கண்டுபிடி, அழி, கட்டுப்படுத்து என்பதே கொள்கை. ஊசி போட்ட கோழி நோயை வெளியே காட்டாமல் கிருமியைக் கக்கலாம், நம்மிடம் வாங்கும் நாடுகள் சந்தேகப்படலாம் என்பவை காரணங்கள். இந்தக் கொள்கை சரியா என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் இன்றைய நிலையில் எனக்கு இருப்பது குட்டைச் சுவரும் பதிவேடும்தான்.

பதிவேடு என்றால் பெரிய நோட்டு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஒரு கரும்பலகை. நான்கு எண்கள்: தீவனம், தண்ணீர், முட்டை, இறப்பு. தண்ணீர் மீட்டர் வைத்தது 2021க்குப் பிறகுதான். கோழி நோய்ப்படும்போது பல நேரங்களில் முதலில் குறைவது தண்ணீர்தான், முட்டை குறைய இரண்டு நாள் ஆகும், சாவு அதற்கும் பிறகு. இறப்பு வழக்கத்தைவிட மூன்று மடங்கானால் பையன் என்னைக் கேட்க வேண்டியதில்லை; நேராக டாக்டருக்குப் போன் செய்யலாம். எண் பலகையிலேயே எழுதியிருக்கிறது. இந்த ஏற்பாடு முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளிக்குத் தெரியாமல் ஆள் போன் செய்வதா? ஆனால் வேப்பமரத்தடியில் நின்ற முதலாளியை நம்புவதைவிட இது மேல் என்று என் மனைவி சொன்னார். அவருக்கு அந்தப் போன் கதை தெரியும்.

2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில், எங்களைப்போன்ற முட்டைக்கோழிப் பண்ணைகளிலேயே எச்5என்1 உறுதியானது. கூண்டுகளில் கோழி செத்துக் கிடந்த படங்கள் போனில் வந்தன. இந்த முறை வாத்து இல்லை, தூர ஊர் இல்லை. எங்கள் தீவன வியாபாரிகளுக்கும் எங்களுக்கும் தெரிந்த பக்கம். முட்டை விலை இங்கேயும் இறங்கியது. நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும், 70 டிகிரிச் சூட்டில், கிருமி செத்துவிடும் என்று நாங்கள் வழக்கம்போல் அறிக்கை விட்டோம். மக்கள் வழக்கம்போல் சில நாள் நம்பவில்லை. அன்று இரவு மாமா போன் செய்து, "அட்டை திரும்ப வாங்குவதை நானும் நிறுத்துகிறேன்" என்றார். நான்கு வருடம் ஆயிற்று இதைச் சொல்ல. 2023இல் தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில், நோய் புகாதபடி தனிப்படுத்தி நடத்தும் 26 கோழிப்பண்ணை வளாகங்கள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. எங்கள் அளவுப் பண்ணைக்கு அது எட்டாத உயரம். ஆனால் ஒரு தெருவிலிருக்கும் பத்துப் பேர் சேர்ந்து அட்டையையும் எரு டிராக்டரையும் ஒழுங்குபடுத்தினால் அந்தத் தெருவே ஒரு வளாகம்போல ஆகிவிடாதா என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அட்டைக்குச் சம்மதித்தார். டிராக்டர் அவருடைய மைத்துனருடையது. பேச்சு அங்கே நிற்கிறது.

காக்கைக்கும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கொட்டகையின் இரு பக்கமும் வலை கட்டியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை எங்காவது கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகின்றன. செத்த கோழியை மூடியுள்ள குழியில் சுண்ணாம்புடன் போடுகிறோம், சிந்திய மக்காச்சோளத்தைக் கூட்டி அள்ளுகிறோம், அவ்வளவுதான் இப்போதைக்கு.

வாசலில் இப்போது வருகைப் பதிவேடு ஒன்று தொங்குகிறது. கடந்த பதினான்கு நாளுக்கு நேற்று எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது பேர். அதில் நான்கு வரி மாமாவுடையது. நான்கிலும் "செருப்பு மாற்றினாரா" என்ற கட்டத்தில் "ஆம்" என்று அவரே எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்தில். மூன்றாவது முறை அவர் வந்தபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், மாற்றவில்லை.